பெரிய கப்பலா, சின்னக் கப்பலா: க்ரூஸ் புக் பண்ணும் முன் காரைக்குடிக்காரர்கள் பார்க்க வேண்டியவை

மணிவிழா முடிந்ததும் பிள்ளைகள் காசு சேர்த்து அப்பச்சியையும் ஆத்தாவையும் க்ரூஸ் அனுப்பி வைப்பது இப்போது நம் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. காரைக்குடி, தேவகோட்டையில் எந்த டிராவல்ஸில் போய் உட்கார்ந்தாலும் நாலு நோட்டீஸை நீட்டுவார்கள், எல்லாவற்றிலும் நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நீச்சல் குளம். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றில் ஐயாயிரம் பேர் போவார்கள், இன்னொன்றில் இருநூறு பேர்தான். இரண்டுக்கும் க்ரூஸ் என்ற பெயரைத் தவிர வேறு ஒற்றுமை குறைவு.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வியைப் பேசி முடித்துவிடுங்கள்: கப்பலைப் பார்க்கப் போகிறோமா, ஊரைப் பார்க்கப் போகிறோமா? கப்பலே ஊர் என்றால் பெரியது. இறங்குகிற ஊர்தான் முக்கியம், கப்பல் வெறும் தங்குமிடம் என்றால் சின்னது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 கிராஸ் டன், நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளம். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள், நிறைத்தால் 7,600, வேலைக்காரர்கள் 2,350. நம் பக்கத்தில் பல ஊர்களில் அத்தனை ஜனம் கிடையாது. நம் ஐயாக்கள் கடல் கடந்து வியாபாரத்துக்கு, அதாவது கொண்டுவிற்கப் போன காலத்தில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ராஜுலா கப்பல் 1926-இல் கட்டியது, ஏறக்குறைய 8,500 டன்தான், அதில் ஆயிரக்கணக்கான பேர் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். இன்றைக்கு "சின்னக் கப்பல்" என்று விற்கிற பலவும் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

கிராஸ் டன் என்பது எடையில்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. இதைத் தெரிந்துகொண்டால் நோட்டீஸில் போடாத ஒரு விஷயத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். கிராஸ் டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்று வரும். ஐகானுக்கு 44. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீமுக்கு (1,50,695 டன், சுமார் 3,350 பேர்) 45. வைக்கிங் கம்பெனியின் கடல் கப்பல்கள் 930 பேருக்குச் சுமார் 47,800 டன், அதாவது 51. நம் நாட்டில் ஓடும் கார்டீலியா எம்ப்ரெஸ் 48,563 டன், சுமார் 1,600 பேர் என்று வைத்தால் 30. பாருங்கள், வைக்கிங்கும் எம்ப்ரெஸும் கிட்டத்தட்ட ஒரே அளவுக் கப்பல்தான், ஆனால் ஒன்றில் நெருக்கம், மற்றொன்றில் தாராளம். அதனால் கூட்டம் வேண்டாம், சின்னக் கப்பல் எடுக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்று, இந்தக் கணக்கு அறைக்கு இரண்டு பேர் என்பது. பள்ளி விடுமுறையில் ஒரே அறையில் மூன்று பேர் நாலு பேர் ஏறுவார்கள், அப்போது எந்தக் கப்பலானாலும் தலைக்கு இடம் குறையும். மே மாதத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

சரி, யாருக்குப் பெரியது?

ஐயா, அப்பத்தா, மூன்று மகன் வீடு, இரண்டு மகள் வீடு, கல்லூரிப் பையன் முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரிய கப்பல்தான். இருபது பேரை ஒரே பொழுதுபோக்கில் உட்கார வைக்க யாராலும் முடியாது. பெரிய கப்பலில் பையன்கள் நீர்ச்சறுக்குக்குப் போவார்கள், பெண்பிள்ளைகள் நாடகம் பார்ப்பார்கள், மாப்பிள்ளைமார் ஒரு மூலையில் சீட்டாடுவார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள். சின்னக் கப்பலில் இதே குடும்பம் ஏறினால் இரண்டாம் நாளே பிள்ளைகள் சலித்துப் போவார்கள், மற்ற பயணிகள் நம்மைப் பார்க்கிற பார்வையும் சரியிருக்காது. சில சின்னக் கப்பல்களில், வைக்கிங் உட்பட, 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதே இல்லை. கைக்குழந்தை என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட பயணத்துக்கு ஒரு வயது கேட்பார்கள். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்குமேல் ஏற்ற மாட்டார்கள், அதை டிராவல்ஸ்காரர் சொல்ல மறந்துவிடுவார், நீங்களே கேளுங்கள்.

நம் பக்கத்துக்குச் சுலபமான பெரிய கப்பல் சிங்கப்பூர் வழிதான். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. ஜென்டிங் ட்ரீம் 2022-இலிருந்து அங்கே ஓடுகிறது, ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களும் சீசனில் வந்து நிற்கும், அவை நாலாயிரம் பேருக்குமேல் ஏற்றுபவை. மூன்று நாலு ராத்திரிச் சுற்றில் பினாங்கு, புக்கெட் என்று போய் வரலாம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் ஓரத்திலேயே கட்டும், இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விடலாம். டாக்ஸி பிடித்தால் வாட்டர்ஃபால் ரோட்டில் நம்மவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோவில். ஆனால் கோவில் நடை சாத்தும் நேரத்தையும் கப்பல் கிளம்பும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், கப்பல் யாருக்கும் காத்திருக்காது. புக்கெட்டில் வேறு கதை. பெரிய கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போடும், சின்னப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். மூவாயிரம் பேரைப் படகில் இறக்கி ஏற்றுவதற்குள் பாதிப் பகல் போய்விடும், முட்டிவலி உள்ளவர்கள் ஆடும் படகில் காலை வைப்பதும் கஷ்டம். புக் பண்ணும்போது ஒவ்வொரு ஊருக்கும் "கப்பல் கரையில் கட்டுமா, படகில் போகணுமா" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கப்பல் அளவைவிட இந்தப் பதில்தான் முக்கியம்.

நடையையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளே ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவைதான், ஆனால் ஜென்டிங் ட்ரீம் மாதிரி 335 மீட்டர்க் கப்பலில் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை ஒருநாளைக்கு மூன்று வேளை போய்வருவது வேறு கணக்கு. சர்க்கரைக்காரர்களுக்கு நல்ல நடை என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் முன்கூட்டியே சக்கர நாற்காலி சொல்லிவிடலாம். லிஃப்டு முன்னால் நிற்கும் கூட்டத்தையும், காலைச் சாப்பாட்டு நேரத்து வரிசையையும், நாடகத்துக்கு ஆப்பில் முன்பதிவு செய்ய வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பலில் சாமர்த்தியம் என்பது எல்லாரும் போகும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போவதுதான்.

சாப்பாடு. நமக்கு இதில்தான் சண்டையே வரும். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியர்கள் அதிகம் என்பதால் சைவம், ஜெயின் சாப்பாடு எல்லாம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் வடநாட்டுச் சமையல், பனீரும் பருப்பும்தான், இட்லி கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரிய கப்பலில் தேர்வு அதிகம், சின்னதில் சமையல்காரரிடம் நேரில் சொல்லிச் செய்துதரச் சொல்ல முடியும், அதுவும் ஒரு லாபம். தேன்குழலும் சீப்புச் சீடையும் டின்னில் அடைத்துக் கொண்டுபோகலாமா என்று எல்லா ஆச்சிகளும் கேட்பார்கள். பெரும்பாலான கம்பெனிகள் வீட்டில் செய்த பண்டத்தை ஏற்ற விடுவதில்லை, கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் சரி. கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் எதையும் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும் பயத்தில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

சின்னக் கப்பல் என்று விற்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது, அதைக் கலக்கவே கூடாது.

ஒன்று, பழைய நடுத்தரக் கப்பல். எம்ப்ரெஸ் 1990-இல் கட்டியது, முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது, 2021-இல் இங்கே கார்டீலியா என்ற பெயரில் ஓட ஆரம்பித்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்படும் பயணத்தை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். வெறும் கடல் சுற்று, விசாகப்பட்டினம், இலங்கையில் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை என்று போகிறது. ஆண்டு முழுக்கச் சென்னையில் இருக்காது, மும்பைப் பக்கம் போய்விடும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க இதுதான் சிக்கனமான வழி, விமானச் செலவு இல்லை, விசாகப்பட்டினம் வரை என்றால் விசாவும் இல்லை. காரைக்குடியில் விடியக்காலைப் பல்லவனைப் பிடித்தால் மத்தியானம் எழும்பூர், ஆனாலும் ரயிலை நம்பி அன்றைக்கே ஏறாதீர்கள், முதல் நாளே போய்ச் சென்னையில் தங்கிவிடுங்கள். நான் இதைச் சொகுசு என்று சொல்ல மாட்டேன், அறைகள் சின்னவை, ஆனால் இரண்டு ராத்திரிக்கு அது ஒரு குறையில்லை.

இன்னொன்று, உண்மையான சொகுசுச் சின்னக் கப்பல். வின்ட்ஸ்டார், பொனான், சீபோர்ன், சில்வர்சீ மாதிரிக் கம்பெனிகள் ஓட்டுபவை. நூற்றைம்பது பேரிலிருந்து அறுநூறு எழுநூறு பேர் வரை. விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் இவற்றால் போக முடிகிற இடங்களுக்குப் பெரியவை போகவே முடியாது. கிரீஸில் கொரிந்த் கால்வாயின் அகலம் தண்ணீர் மட்டத்தில் 24 மீட்டர் சொச்சம்தான், 2019-இல் 22.5 மீட்டர் அகலக் கப்பல் ஒன்று பாறையை உரசாத குறையாக அதில் புகுந்து போனதையே சாதனை என்று கொண்டாடினார்கள். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊர் நடுவே போகும் கால்வாயில் வரக் கூடாது. அண்டார்டிகாவில் 500 பேருக்குமேல் ஏற்றி வந்த கப்பலிலிருந்து ஒருவரைக்கூடக் கரையில் இறக்க முடியாது, ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் நூறு பேருக்குமேல் நிற்கவும் கூடாது. ஆக, பென்குயினுக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டால் சின்னக் கப்பல்தான், பெரியதில் போனால் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு வரலாம். ஆற்றுப் பயணமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் கப்பல்களில் 190 பேர் அளவில் போவார்கள், படகு ஊர் நடுவிலேயே நிற்கும், கோவிலும் கடைத்தெருவும் நடைதூரம். நம் நாட்டிலேயே 2023-இல் வாரணாசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாள் போன கங்கா விலாஸில் 36 பயணிகளுக்குத்தான் இடம். அறுபது வயதுத் தம்பதிகளுக்கு, அலையும் இல்லாமல் நடையும் இல்லாமல் ஊர் பார்க்க ஆறுதான் உத்தமம் என்பது என் கட்சி.

குமட்டல் பற்றி: பெரிய கப்பல் குறைவாக ஆடும், அது உண்மை. ஆனால் ஆடவே ஆடாது என்று நினைக்க வேண்டாம், பதினைந்தாம் தளத்தில் பால்கனி எடுத்தால் ஆட்டம் அங்கேதான் அதிகம் தெரியும். சின்னக் கப்பல் ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, பெரியதில் வசதி கொஞ்சம் கூடுதல், ஆனால் எதிலும் பெரிய ஆபரேஷன் நடக்காது, கரைக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தச் செலவு லட்சங்களில் போகும். க்ரூஸுக்குச் செல்லும் இன்சூரன்ஸா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள், பழைய வியாதிகளை மறைக்காமல் எழுதுங்கள்.

காசுக் கணக்கில் நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும். பெரிய கப்பலின் டிக்கெட் விலை ஆரம்பம்தான். டிப்ஸ் தலைக்குத் தினமும் தனியாக, அமெரிக்கக் கம்பெனிகளில் இருபது டாலர் வாக்கில், பத்துப் பேர் ஏழு நாள் என்றால் பெருக்கிப் பாருங்கள். வைஃபை தனி, கப்பலுக்குள் இருக்கும் ஸ்பெஷல் ஹோட்டல் சாப்பாடு தனி, இறங்கும் ஊரில் சுற்றிக் காட்டுவது தனி, கூல்டிரிங்க்ஸ்கூடத் தனி. சொகுசுச் சின்னக் கப்பலில் இதில் பெரும்பகுதி டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கும். அதனால் இரண்டையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக, எல்லாச் செலவையும் சேர்த்து, ஒரு ராத்திரிக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் வித்தியாசம் நோட்டீஸில் தெரிகிற அளவுக்கு இருக்காது. சின்னதுதான் அப்போதும் கூடுதலாக வரும், மறைக்கவில்லை. விசாவில், கப்பல் ஏறும் நாட்டுக்கே திரும்பி வருவீர்கள் என்பதால் பலமுறை நுழைய அனுமதி உள்ள விசாவா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக அறை. எந்தக் கப்பலானாலும் நடுவில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள், தளப் படத்தை வாங்கி மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள், நீச்சல் குளத்துக்கு அடியிலோ சாப்பாட்டுக் கூடத்துக்கு அடியிலோ விழுந்தால் விடியக்காலை நாற்காலி இழுக்கிற சத்தத்தில்தான் எழ வேண்டும். அறை எண் சொல்லாமல் "கேரண்டி" என்று மலிவாக ஒன்று தருவார்கள், இளவட்டங்களுக்கு அது லாபம், அப்பத்தாவுக்கு அதை எடுக்காதீர்கள், கப்பலின் மூக்கில் ஒரு மூலை அறை விழுந்தால் ஏறிய பிறகு மாற்றித் தருவது அபூர்வம்.