"நான் நிறுத்தினேன், நீங்களும் நிறுத்துங்கள்" என்று சொல்லாதீர்கள்

குடியிலிருந்து மீண்டவர்கள், இன்னும் குடிப்பவர்களுக்கு வழித்துணையாக வருவது மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குப் பெரிய வரம். சம்சு என்னும் மலிவு மதுவால் ஒரு வீடு எப்படிக் கெடும் என்று பட்டுத் தெரிந்தவரிடம்தான் எங்கள் ஆட்கள் வாய் திறக்கிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் முன்னால் வந்தவர்கள் செய்த அதே பிழையைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அறிவுரை பொழிவது, நேரத்துக்கு வராமலிருப்பது போன்றவை பழகப் பழகத் திருந்திவிடும், அவற்றை விடுகிறேன்.

சொந்தக் கதையை மருந்துச் சீட்டாக்குவது

"அண்ணே, நான் ஒரே இரவில் நிறுத்தினேன். நீங்களும் இன்றைக்கே நிறுத்துங்கள்." லோரி ஓட்டும் புது வழித்துணை ஒருவர், செம்பனைக் குலை வெட்டும் ஒருவரிடம் இப்படித்தான் சொன்னார். அவரோ பல வருடங்களாகக் காலையிலேயே சம்சு குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர். மனைவி இளநீர் வாங்கி வைத்துவிட்டு, அவரை உள்ளே விட்டு அறையைப் பூட்டினார். மறுநாள் இரவு வலிப்பு வந்து, கட்டில் விளிம்பில் தலை மோதியது. உயிர் தப்பியது. அந்த வீட்டுக் கதவு மட்டும் எங்களுக்கு அடைபட்டுவிட்டது.

இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. தினமும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னைக் கூடுதலாக முடுக்கி வைத்திருக்கும். மது திடீரென நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். அதைப் பேய் என்று கோயிலுக்கு இழுத்துப்போகும் குடும்பங்களும் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் சாவும் நேரலாம். மருத்துவமனையில் இதற்கு மாத்திரை இருக்கிறது. வைட்டமின் பி1 ஊசி இருக்கிறது.

இன்றும் எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறு. அந்த லோரிக்காரர் குடியை விட்டதே, கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோதுதான். அங்கே கொடுத்த மாத்திரைதான் அவர் நடுக்கத்தை அடக்கியது. கதையைச் சொல்லச் சொல்ல, மாத்திரை அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்து, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் பிறந்ததை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அவர்களில் ஒருவரான பில் வில்சன், அதற்கு முந்தைய டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்துதான் குடியை விட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை.

முதலில் கேளுங்கள்: கடைசியாக எப்போது குடித்தார்? காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறதா? முன்பு வலிப்பு வந்திருக்கிறதா? நடுக்கமோ வலிப்போ உண்டென்றால், மருத்துவர் பார்க்கும்வரை திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, அரசாங்க மருத்துவமனையில் எண் கூப்பிடும்வரை அவர் பக்கத்தில் உட்காருங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவர் எழுந்துபோகப் பார்ப்பார். அந்த வெட்கத்தை நீங்கள் அறிவீர்கள். உங்கள் அனுபவம் பயன்படும் இடம் அதுதான்.

கடன்

கொடுக்காதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

ஊர்வாய்

ஒருவர் உங்களிடம் சொன்னதை உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள்.

மெத்தடோன்

ஹெராயினிலிருந்து மீள்பவர்களுக்கு 2005 முதல் மலேசியாவில் இந்த மாற்று மருந்து கொடுக்கப்படுகிறது. "அதுவும் போதைதானே" என்று சொல்லி நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்தியவர் பழைய பொருளுக்குத் திரும்பினால், உடலின் தாங்குசக்தி குறைந்திருப்பதால் முன்பு எடுத்த அளவே மூச்சை நிறுத்திவிடலாம். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவருபவருக்கும் இதே ஆபத்துதான். வந்த முதல் வாரமே அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.