காப்பீட்டு அட்டை இருந்தும் ஏன் வரவில்லை? கணக்குப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய மருத்துவக் காப்பீடு உள்ள இடத்தில் யார் மருத்துவமனைக்குப் போகிறார்கள், யார் போவதில்லை என்று ஆராயும்போது முதலில் கைக்குக் கிடைப்பது கிளெய்ம் கணக்குதான், அதாவது சிகிச்சைக்கான பணத்தைக் கேட்டு மருத்துவமனைகள் காப்பீட்டுக்கு அனுப்பும் பட்டியல். அதையே மக்களின் நோய்க்கணக்கு என்று நம்பிவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். கிளெய்மில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே. வராதவருக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிறது. காப்பீட்டு அட்டை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, டாக்டருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். டோக்கனுக்கு விடியற்காலையிலேயே நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, "இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். லேசான தலைசுற்றல்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். கணக்கைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. என்றைக்காவது பக்கவாதத்தோடு தூக்கி வரும்போதுதான் அவர் பெயர் மறுபடி ஏறும்.

மருத்துவப் பயன்பாட்டை விளக்க ரொனால்ட் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968-இல் காரணங்களை மூன்றாகப் பிரித்தார். வயது, கல்வி, நோயைப் பற்றிய நம்பிக்கை என நோய்க்கு முன்பே ஒருவரிடம் இருப்பவை ஒரு வகை. வருமானம், காப்பீடு, பக்கத்தில் மருத்துவர் இருப்பது என வழிவிடுபவை இன்னொரு வகை. உடலின் தேவை மூன்றாவது. காப்பீடு இதில் இரண்டாவது வகைக்குள் வரும் பலவற்றில் ஒன்றுதான். அட்டை கொடுத்தாயிற்று, இனி வராதது அவர்கள் தப்பு என்று சொல்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, காப்பீடு வந்ததும் கூட்டம் கூடினால் அதை வீண் செலவு என்று முடிவுகட்டுவது. தைவான் 1995-இல் தேசியக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, அதுவரை காப்பீடு இல்லாமல் இருந்தவர்கள் மருத்துவரைப் பார்ப்பது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இதை மட்டும் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி உயர்ந்து அவர்கள் வந்து நின்றது ஏற்கெனவே காப்பீடு இருந்தவர்களின் அளவுக்குத்தான். அடக்கிவைத்திருந்த தேவை வெளியே வந்தது, அவ்வளவே.

சரி, வீணாக வருபவர்களைத் தடுக்க நோயாளியிடம் கொஞ்சம் பணம் வாங்கினால் என்ன? எனக்கு மிகவும் கவலை தருவது இந்த யோசனைதான். 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு முழு இலவசம். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 சதவீதத்தை, ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வரை, கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும். பணம் கட்டியவர்கள் குறைவாகவே போனார்கள். ஆனால் அவர்கள் தேவையற்றதை மட்டும் தேர்ந்து கைவிடவில்லை. பயனுள்ள சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவுக்கு விட்டார்கள். எது தேவை என்று வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய நோயாளி என்ன மருத்துவரா? சராசரி ஆளுக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் ஏழைகளில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவசத் திட்டத்தில்தான் அது நன்றாகக் கட்டுக்குள் இருந்தது. சராசரியை மட்டும் பார்த்தவர் இவர்களைத் தவறவிட்டிருப்பார்.

சராசரி வேறு இடத்திலும் ஏமாற்றும். பணக்கார நாடுகள் பலவற்றில் தேவையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், பொது மருத்துவரிடம் ஏழைகள் குறையாமல் போகிறார்கள். சிறப்பு மருத்துவரிடம் போவதில் வசதியுள்ளவர்கள் முந்திவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து 'ஆண்டுக்கு இத்தனை முறை' என்று எழுதினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

காப்பீடு உள்ளவரையும் இல்லாதவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதும் ஆபத்து. விரும்பினால் சேரலாம் என்கிற திட்டத்தில் நோய் உள்ளவர்கள்தான் முதலில் சேருவார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஏழைகளுக்கான காப்பீட்டு இடங்களைக் குலுக்கலில் கொடுத்ததால் சரியாக ஒப்பிட வழி கிடைத்தது. காப்பீடு வந்தால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையும் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் குலுக்கலில் காப்பீடு கிடைத்தவர்கள் அவசரப் பிரிவுக்குப் போவது ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது.

அப்புறம், மருத்துவமனைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகப் பணம் தரும் முறையில் பரிசோதனைகள் பெருகும். தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தந்தால் குறையும். அந்தப் பெருக்கத்தை நோயாளியின் பேராசை என்று எழுதுவது அநியாயம்.

வராதவர்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது? பாதியிலேயே நின்றுபோனவர்கள் கிளெய்மிலேயே கிடைப்பார்கள்: மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்து திடீரென்று காணாமல் போனவர்களைத் தேடினால் போதும். ஒருமுறைகூட வராதவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இருக்கிறது: கடந்த 12 மாதங்களில் மருத்துவரைப் பார்க்கத் தேவைப்பட்டும் போகாமல் இருந்தீர்களா? ஆம் என்றால், காரணம் காசா, தூரமா, காத்திருப்பா என்று அடுத்துக் கேட்கிறார்கள்.