வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்குப் பிரேக் குழாய்: தேர்வில் நேரும் தவறுகள்

சொந்தமாக இலகுரக விமானம் கட்டுபவர்கள் எஞ்சினைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பிரேக் குழாயையோ கடைசி வாரத்தில், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு முடித்துவிடுவார்கள். பெரும்பாலான தவறுகள் குழாயை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் ஓடப்போகும் எண்ணெயைப் பிறகு முடிவு செய்வதிலிருந்தே தொடங்குகின்றன.

சிறு விமானங்களின் பிரேக்குகளில் வழக்கமாக ஊற்றப்படுவது எம்.ஐ.எல்-எச்-5606 என்ற தர எண்ணால் அறியப்படும் சிவப்புக் கனிம எண்ணெய்; அதைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். கார்களில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 திரவங்கள் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஏற்றது ஈ.பி.டி.எம் ரப்பர். இந்த இரண்டாவது ரப்பர் கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும் என்பதால், கார் பிரேக் ஹோஸ் (வளைந்துகொடுக்கும் குழாய்) எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் சிவப்பு எண்ணெய்க்கு அதைப் பொருத்தக் கூடாது. சக்கரத்தின் டிஸ்கை (தட்டை) இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரிலும், பெடலை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலும் உள்ள சீல்கள் எந்த ரப்பர் என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் எண்ணெயையும், பிறகே குழாயையும் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை. தீ பற்றிய கவலை இருந்தால் 83282 என்ற செயற்கை எண்ணெயும் நைட்ரைலோடு ஒத்துப்போகும்: 5606 எண்ணெய்க்கு அதன் தர விதி கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 82 டிகிரி செல்சியஸ், இதற்கோ 205 டிகிரி.

இலேசானது, வளைக்க எளிது என்று சக்கரம் வரைக்கும் நைலான் குழாயையே கொண்டுபோவது அடுத்த தவறு. 600 கிலோ எடையுள்ள விமானத்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்காலேயே நிறுத்தினால் சுமார் 1,87,500 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அது இரண்டு டிஸ்குகளில் சரிபாதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு கிலோ எஃகு என்று கொண்டால், வெப்பநிலை ஏறத்தாழ 200 டிகிரி உயரும். காற்றின் தடை ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனாலும் ஓடுபாதையில் நின்ற பிறகு அந்தச் சூடு காலிப்பர் வழியாகக் குழாய்க்கு ஏறிக்கொண்டே இருக்கும். விமானி மறுபடியும் பெடலை அழுத்தும்போது, இளகிய நைலான் பிதுங்கி வெடிக்கலாம். வெடித்தால் எண்ணெய் சிந்துவது சூடான டிஸ்கின் மேல்தான். ஆகையால் உடற்பகுதிக்குள் எந்தக் குழாய் ஓடினாலும், சக்கரத்தை ஒட்டிய கடைசி இரண்டடிக்கு டெஃப்லான் உட்குழாயும் எஃகுப் பின்னலும் கொண்ட ஹோஸையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உடற்பகுதிக்குள் 5052-ஓ என்ற மென்மையான அலுமினியக் கலவைக் குழாய், கால் அங்குல வெளிவிட்டமும் 0.035 அங்குலச் சுவர்த் தடிமனும் உள்ளது, பொதுவாகப் போதும். செம்பு கூடாது, அதிர்வில் அது இறுகி விரிசல் விடும். அலுமினியமும் அசையாத இடத்துக்கே உரியது. வில் போல் வளையும் சக்கரக் காலில் இறுக்கிப் பிடித்து அதை நேராகக் காலிப்பரில் முடுக்கினால், டிஸ்கை அழுத்தும் பேடு தேயத் தேய நகரும் காலிப்பரும் தரையிறங்குகையில் வளையும் காலும் சேர்ந்து குழாயின் கழுத்தை முறித்துவிடும்.

ஹோஸிலும் தவறுகள் உண்டு. அழுத்தம் ஏறினால் ஹோஸ் சற்றுச் சுருங்கும் என்பதால், அளந்த நீளத்தைவிட 5 முதல் 8 சதவீதம் கூடுதலாக விட வேண்டும். முறுக்கோடு பொருத்தவும் கூடாது. எஃகுப் பின்னல் அரம் போன்றது. பக்கத்தில் அலுமினியக் குழாய் உரசினால் அதை அறுத்துவிடும். ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு இரண்டையும் விலக்கி நிறுத்துவது அவசியம்.

இணைப்புகளில் ஏமாறுவது மிக எளிது. ஏ.என். என்ற விமானத் தர இணைப்புகளுக்கு ஃபிளேர், அதாவது கூம்பாக விரித்த குழாய் முனை, கொள்ள வேண்டிய கோணம் 37 டிகிரி, வாகனக் கடையில் கிடைக்கும் கருவி தருவதோ 45 டிகிரி. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முடுக்கினால் உட்காருவது போலவும் தோன்றும், ஆனால் கசியும். ஃபிளேர் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைபடுவது. அங்கே டேப்போ பசையோ வேண்டாம். நுனி நோக்கிக் குறுகும் கூம்பு மரையில் மட்டும், எண்ணெயைத் தாங்கும் பசையை முதல் மரையை விட்டுத் தடவ வேண்டும். டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளையை அடைத்துவிடும்.

பெரிய குழாய் போட்டால் பிரேக் வலுக்கும் என்ற எண்ணமும் பிழை. அழுத்தத்தை முடிவு செய்வது விமானி காலால் அழுத்தும் விசையும் சிலிண்டரின் பரப்பும்தான். அதைவிடப் பாதையைக் கவனிப்பது நல்லது. நடுவில் மேலேறி இறங்கும் வளைவு இருந்தால் அங்கே காற்று தங்கிப் பெடல் பஞ்சு போலாகிவிடும்; எனவே குழாய் சக்கரத்திலிருந்து மேல்நோக்கியே செல்ல வேண்டும், எண்ணெயையும் காலிப்பரிலிருந்து மேலே தள்ளி நிரப்ப வேண்டும். சக்கர மூடியை மாட்டுவதற்கு முன்னால் ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் சிவப்புப் பொட்டாகப் பதிந்துவிடும்.