ட்ரெய்லர் ரிவர்ஸ்: புது டிரைவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பெங்களூரை ஒட்டி, நெலமங்கலாவில் ஒரு குடோன் வாசலில் லோடு இறக்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நாற்பதடி கன்டெய்னரோடு ஒரு தம்பி. சங்ககிரிப் பக்கத்துப் பையன், லாரியிலிருந்து ட்ரெய்லருக்கு மாறி ரெண்டு மாதம்தான் ஆகிறதாம். அவன் ரிவர்ஸ் எடுத்த இருபது நிமிடமும், பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்தை யாரோ திரும்பப் போட்டுக் காட்டுவது போல இருந்தது.

ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போகும், சந்தேகம் வந்தால் இறங்கிப் பார் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முன்னால் எடுக்கக் கூச்சப்படுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் காசு போனது இதில்தான்.

பெங்களூர் பீன்யாவில் ராத்திரி பத்து மணி. பகலில் கனரக வண்டிகளுக்கு நகரத்துக்குள் தடை நேரம் இருப்பதால் எங்கள் பிழைப்பே இருட்டில்தான். கேட் என் வலப்பக்கம், அதாவது டிரைவர் சைடு. இடப்பக்கம் ஒடித்தேன், வால் வலப்பக்கம் அழகாக உள்ளே போனது. அந்த நேரம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி, முன்வண்டி, அதாவது கேபின் இருக்கிற இழுவை வண்டி, ட்ரெய்லரின் பின்னாலேயே போகிற மாதிரி கொண்டு வந்திருக்க வேண்டும். ரெண்டு செகண்ட் தாமதம். பின்னால் பைக்காரர்கள் ஹாரன், எதிரே ஒரு ஆட்டோ. "போச்சு, திருத்திடலாம்" என்று ரிவர்ஸிலேயே ஸ்டியரிங்கை வலப்பக்கம் கடைசி வரை ஒடித்தேன். முன்னால் எடுத்தால் ஓட்டத் தெரியாதவன் என்று நினைப்பார்களே!

முன்வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் இருக்கும் கோணம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினாலும் அது குறையாது. பின்னால் போகப் போக மடங்கிக்கொண்டேதான் வரும். முன்னால் எடுத்தால் மட்டும்தான் விரியும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. கன்டெய்னரின் முன்மூலை கேபினின் முதுகில் "டங்" என்று உட்கார்ந்தது. அதற்குள் ட்ரெய்லருக்குக் காற்று கொண்டுபோகும் சிவப்பு ஏர் ஹோஸ் இழுபட்டுப் பிய்ந்து, சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. அந்த லைனில் காற்று போனால் ட்ரெய்லர் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ரோட்டுக்குக் குறுக்கே வண்டி, அசையவில்லை. மெக்கானிக் வந்து ஹோஸ் மாற்ற ரெண்டு மணி நேரம். கேபின் பின்தகடு, ஹோஸ், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனது. ஹாரன் அடித்த ஒருத்தனும் காசு கொடுக்கவில்லை.

நெலமங்கலா தம்பியும் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தான். கிளீனர் சைடு, அதாவது இடப்பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரே காணாமல் போயிருந்தது. டிரைவர் சைடு கண்ணாடி முழுக்கக் கன்டெய்னரின் பக்கவாட்டுத் தகடு. போய்க் கதவைத் தட்டினேன். "அண்ணா, இன்னும் கொஞ்சம்தான்" என்றான். அந்தக் கொஞ்சத்தில்தான் என் பாதிச் சம்பளம் போனது, தம்பி!

முன்னால் எடுப்பதிலும் ஒரு அரைகுறை வேலை உண்டு. நாலடி போய்விட்டு, அதே ஒடிப்போடு திரும்பப் பின்னால் வருவது. வண்டி பழைய இடத்துக்கே வரும். வால் வலப்பக்கம் மடங்கியிருந்தால், முன்னால் போகும்போது இடப்பக்கம் ஒடியுங்கள், சீக்கிரம் நேராகும். ரெண்டு கண்ணாடியிலும் ட்ரெய்லர் சமமாகத் தெரியும்வரை போங்கள், இடம் இருந்தால் வண்டி நீளத்துக்கே போங்கள். அன்றைக்கு அந்தத் தம்பி ஐந்து தடவை முன்னால் எடுத்தான். ஆறாவது தடவை உள்ளே போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை, சாப்பாட்டு நேரம் வேறு.

நிறைய ஒடிப்பது

நேராகப் பின்னால் வரும்போது, எந்தக் கண்ணாடியில் ட்ரெய்லர் அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் லேசாகத் திருப்புங்கள். உடனே திரும்ப நேராக்குங்கள். வால் அசைவது தெரிகிறவரை பிடித்துக்கொண்டிருந்தால் ஏற்கெனவே அதிகம். இருபதடி ட்ரெய்லர் நாற்பதடியை விட வேகமாகத் திரும்பும். சின்னது சுலபம் என்று நினைத்து ஏறுகிறவர்கள் அதில்தான் திணறுவார்கள்.

கிளீனர் சைடில் வளைத்து உள்ளே விடுவது

வேண்டாம். ஒரு சுற்று சுற்றி வந்தாவது கேட்டை டிரைவர் சைடுக்குக் கொண்டு வாருங்கள்.

நேற்று நுழைந்த கேட்தானே என்று நம்புவது

ஹைகியூப் என்கிற உயரமான கன்டெய்னரின் உயரம் 9 அடி 6 அங்குலம், சாதாரணக் கன்டெய்னர் 8 அடி 6 அங்குலம். அந்த ஒரு அடி ஷட்டரில் தெரியும்.

பாட்டு

அணைத்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியையும் இறக்குங்கள்.

சைகை காட்டுகிறவரைக் கண்ணாடியில் தொலைப்பது

ஆள் கண்ணாடியில் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும், குரல் கேட்டாலும் சரி. ரெண்டு பேர் கத்தினால் ஒருத்தரை அனுப்பிவிடுங்கள். அப்புறம், பெங்களூரில் ஓட்டினால் நாலு கன்னட வார்த்தையாவது வேண்டும்: முந்தே என்றால் முன்னால், ஹிந்தே என்றால் பின்னால், நில்லிஸி என்றால் நிறுத்து. வாட்ச்மேன் "பன்னி, பன்னி" என்றால் கோபப்படாதீர்கள், வாங்க என்கிறார். வைட்ஃபீல்டு பக்கம் ஒருமுறை வாட்ச்மேன் "சாக்கு, சாக்கு!" என்று கத்தினார். போதும் என்று அர்த்தம். எங்களோடு வந்த புதுப் பையன் நல்ல வேளையாக பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிப் போனான். வெகு நேரம் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், டயருக்குப் பின்னால் குனிந்து சாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறான்.