பிடித்த சேர்மன் கிளப்பை விட்டுப் போகிறாரா? அந்த வாரத்தில் ரசிகர்கள் செய்ய வேண்டியவை

கால்பந்து கிளப்பில் ஒரு வீரர் போனால் அடுத்த சீசனில் அதே நம்பர் சட்டையை வேறொருவர் போட்டுக்கொள்வார். பயிற்சியாளர் போனாலும் கொஞ்ச நாளில் பழகிவிடும். ஆனால் பல வருஷமாகத் தன் காசையும் தூக்கத்தையும் கொட்டி கிளப்பைக் காப்பாற்றி வந்த சேர்மன் திடீரென்று ஒரு மாலையில் "விலகுகிறேன்" என்று அறிக்கை விட்டால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அழுங்கள், பழைய படங்களைத் தேடிப் போடுங்கள், மனசாரப் புகழுங்கள். கூடவே அதே வாரத்தில், அடுத்த மாதம் வரை தள்ளாமல், யார் கைக்கு என்ன போகிறது என்று கேட்கவும் ஆரம்பித்துவிடுங்கள். எல்லோரும் விடைகொடுப்பதில் மும்முரமாக இருக்கும் நாட்களில்தான் கையெழுத்துகள் விழுகின்றன.

முதல் வேலை, அறிக்கையை நிதானமாக இரண்டு தடவை படிப்பது. சேர்மன் பதவியை விடுவது வேறு, பங்குகளை விற்பது வேறு. இங்கிலாந்தின் விகன் அத்லெடிக் கிளப்பைப் பாருங்கள். டேவ் வீலன் 1995இல் வாங்கியபோது அது நான்காம் நிலை கிளப். 2005இல் உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு வந்தது, 2013இல் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையையே தூக்கியது. 2015இல் அவர் பதவியை விட்டபோது பேரன் டேவிட் ஷார்ப் சேர்மனானார், உரிமை குடும்பத்திடமே இருந்தது. நிஜமான மாற்றம் நடந்தது 2018இல், குடும்பம் கிளப்பை விற்றபோது. 2020 ஜூனில் கிளப் மறுபடியும் கைமாறியது, ஜூலை 1ஆம் தேதி திவால் நிர்வாகத்துக்கு, அதாவது கடனில் மூழ்கிய கம்பெனியை வெளி நிர்வாகி நடத்தும் நிலைக்குப் போய்விட்டது. அதற்குத் தண்டனையாக லீக் பட்டியலில் 12 புள்ளிகள் வெட்டப்பட்டன. அவை மட்டும் கையில் இருந்திருந்தால் பட்டியலில் பத்திரமாக நடுவில் முடித்திருக்க வேண்டிய அணி, கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அதனால் ரசிகர்கள் கண் விழித்துப் பார்க்க வேண்டிய நாள், பங்கு கைமாறும் நாள்.

பார்சிலோனா, ரியல் மாட்ரிட் மாதிரி உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் இடத்தில் கதை வேறு. அங்கே தலைவர் போனால் தேர்தல் வரும், போனவர் திரும்பியும் வரலாம். ரியல் மாட்ரிட்டில் ஃப்ளோரென்டினோ பெரெஸ் 2006இல் ராஜினாமா செய்துவிட்டு 2009இல் திரும்பினார், பார்சிலோனாவில் லபோர்டா 2010இல் போய் 2021இல் வந்தார். உங்கள் கிளப் அந்த ரகம் என்றால் உறுப்பினர் அட்டையையும் வாக்குரிமையையும் சரிபார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

தனியார் கையில் இருக்கும் கிளப் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. வாங்குவது யார்? யாருடைய பணத்தில் வாங்குகிறார்? பழைய சேர்மன் கிளப்புக்குக் கொடுத்த கடன் என்ன ஆகிறது? மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

பணம் பற்றிய கேள்விக்கு லிவர்பூலை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. டேவிட் மூர்ஸ் 1991 முதல் சேர்மன், பரம்பரையாகவே கிளப்போடு ஒட்டிய குடும்பம், அவருடைய அன்பை யாரும் சந்தேகித்ததில்லை. தன்னால் இனி பெரிய கிளப்புகளோடு செலவில் போட்டி போட முடியாது என்று தெரிந்து, 2007 பிப்ரவரியில் ஹிக்ஸ், ஜில்லட் என்ற இரண்டு அமெரிக்கர்களிடம் விற்றார். அவர்கள் வாங்குவதற்குப் போட்ட பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன், அந்தச் சுமை கடைசியில் கிளப்பின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. 2010இல் மூர்ஸே டைம்ஸ் பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதி, விற்றதற்காக மிகவும் வருந்துவதாகச் சொன்னார். நல்ல மனுஷன் விற்றார் என்பதால் நல்ல கைக்குத்தான் போகும் என்று நம்பிவிடக்கூடாது. அவர் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் "வாங்குபவரின் பணம் எங்கிருந்து வருகிறது, நீங்கள் எதைப் பார்த்து ஒப்புக்கொண்டீர்கள்" என்று அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். விற்கும் வரைக்கும்தான் அவர் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறார்.

கடன் விஷயம் பலருக்குக் குழப்பம். "சேர்மன் இத்தனை கோடி போட்டார்" என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் அது பங்கு முதலீடா, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனா என்று பார்க்க மாட்டோம். செல்சியில் அதன் உரிமையாளராக இருந்த அப்ராமோவிச் போட்டதில் சுமார் 150 கோடி பவுண்டு கணக்கில் கடனாகத்தான் நின்றது; 2022இல் வெளியேறும்போது அதைத் திரும்பக் கேட்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தது கிளப்புக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். உங்கள் சேர்மனின் கடன் தள்ளுபடி ஆகிறதா, பங்காக மாறுகிறதா, தவணையில் திருப்பித் தர வேண்டுமா என்பது எழுத்தில் வர வேண்டும்.

மைதானத்தை மட்டும் மறந்தே விடாதீர்கள். டெர்பி கவுன்டியின் உரிமையாளராக இருந்த மெல் மோரிஸ் சின்ன வயசிலிருந்தே அந்த அணியின் ரசிகர். 2018இல் ப்ரைட் பார்க் மைதானம் 8 கோடி பவுண்டுக்கு மேல் விலை பேசி அவருடைய இன்னொரு கம்பெனியிடம் போனது. 2021இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, வாங்க வருபவர் கிளப்புக்கு ஒரு விலை, மைதானத்துக்குத் தனியாக ஒரு விலை பேச வேண்டிய நிலை. கடைசியில் 2022இல் டேவிட் க்ளவுஸ் என்ற உள்ளூர்க்காரர் இரண்டையும் வாங்கிக் காப்பாற்றினார். எல்லா ஊருக்கும் ஒரு க்ளவுஸ் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் எங்கே தேடுவது? இங்கிலாந்து கிளப் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசு கம்பெனிப் பதிவேட்டின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டினாலே போதும், காசு கேட்காது. இயக்குநர்கள் யார், கட்டுப்பாடு யார் கையில், வருஷக் கணக்கு, எல்லாம் அங்கே இருக்கும். முக்கியமாக அடமானப் பதிவுகளைப் பாருங்கள், கிளப்பின் சொத்தைக் காட்டி யார் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். கிளப்புக்குச் சொந்தக்காரனான தாய்க் கம்பெனியின் பெயரையும் தனியாகத் தேட வேண்டும், ஏனென்றால் விவகாரமான கடன்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மைதானத்துக்கு நிலப் பதிவேட்டில் சின்னக் கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். உங்களில் கணக்கு படிக்கத் தெரிந்த ஒருவரும் சட்டம் தெரிந்த ஒருவரும் நிச்சயம் இருப்பார்கள், அவர்களைப் பிடித்து உட்கார வையுங்கள். கேள்விகளைத் தனித்தனியாக ஆளுக்கு ஒன்றாகக் கத்தாமல், ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் ரசிகர் அறக்கட்டளை பெயரில் ஒரே கடிதமாக அனுப்புங்கள். 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி உரிமையாளர்களைச் சோதிக்கவும் மைதான விற்பனையைத் தடுக்கவும் அங்கே தனி ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது, அதனால் கடிதத்தின் நகலை அவர்களுக்கும் அனுப்பலாம்.

அப்படி ஒரு அறக்கட்டளையே இல்லையென்றால் இப்போதே ஆரம்பியுங்கள், அவசரத்தில் கட்டுவது எப்போதும் கஷ்டம். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் ஒரு பங்கு 1,000 பவுண்டு என்று போட்டு 2013இல் கிளப்பையே வாங்கினார்கள், 2017இல் அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்கலாமா என்று அவர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். பிரென்ட்ஃபோர்டில் ரசிகர் அமைப்பின் கையில் ஒரு சிறப்புப் பங்கு இருக்கிறது, மைதானத்தை விற்பதில் அவர்களுடைய சம்மதம் வேண்டும். பிரியும் சேர்மனுக்கு உங்கள் மேல் பாசம் இருந்தால், அவரிடம் கடைசியாகக் கேட்க இதைவிட நல்ல பரிசு இல்லை.

சரி, நன்றி சொல்வது. அதையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள். லெஸ்டர் கிளப்பின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2018 அக்டோபரில் மைதானத்துக்கு வெளியே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது, ரசிகர்கள் கொண்டு வந்து வைத்த பூக்களும் ஸ்கார்ஃபுகளும் கடல் போலக் குவிந்தன. அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நடந்து போனார்கள். சிலை வந்தது பிறகு, 2022இல். அந்த வரிசை சரியானது. முதல் வாரத்திலேயே சிலைக்கு நிதி திரட்டக் கிளம்பாதீர்கள், குடும்பத்தின் விருப்பத்தைக் கேளுங்கள். உயிரோடு விலகுபவர் என்றால் இன்னும் சுலபம்: கடைசி உள்ளூர் ஆட்டத்தில் பேனர், ஒரு குறிப்பிட்ட நிமிஷத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டுவது, அப்புறம் ஆளுக்கு ஒரு கடிதம். கடிதத்தில் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதாமல், அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை எழுதுங்கள். எந்த வருஷம் டிக்கெட் விலையை ஏற்றாமல் பிடித்து வைத்தார், எந்த வெளியூர் ஆட்டத்துக்கு பஸ் ஏற்பாடு செய்தார், அப்படி.

புதிதாக வருபவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் கூட்டம் பிளவுபடும். பிரைட்டனில் டிக் நைட் 1997இல் கிளப்பை அழிவிலிருந்து மீட்டவர். சொந்த மைதானமே இல்லாமல் அடுத்தவர் மைதானத்தில் ஆடிய காலத்தையும் தாண்டிக் கொண்டுவந்தார். 2009இல் பொறுப்பை டோனி ப்ளூமிடம் கொடுத்தார், 2011இல் புது மைதானம் திறந்தது, 2017இல் பிரீமியர் லீக். நைட் போகிறாரே என்று அன்றைக்கே ப்ளூமைக் கரித்துக் கொட்டியிருந்தால் எவ்வளவு அநியாயமாகியிருக்கும். ஆகவே முதல் சீசனில் பழைய சேர்மன் பெயரைப் புதியவரைக் குத்துவதற்காகப் பாடாதீர்கள். அவருடைய நாடு, நிறம், மதம், தொழில் எதையும் இழுக்காதீர்கள். பிளாக்பர்னை 2010இல் புனேயின் வெங்கீஸ் நிறுவனம் வாங்கி, 2012இல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது கோபம் நியாயமானதே; ஆனால் கேட்க வேண்டியது பயிற்சியாளரை ஏன் அவசரமாக நீக்கினீர்கள், முடிவெடுப்பது யார் என்பதுதான்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதா என்று உடனே முடிவு செய்ய வேண்டாம், கடைசித் தேதி வரை பொறுங்கள், அதற்குள் உங்கள் நாலு கேள்விக்கும் பதில் வந்ததா பாருங்கள். வரவில்லையென்றால் அதையே காரணமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். புது நிர்வாகத்தின் முதல் முழுக் கணக்கு, இங்கிலாந்துத் தனியார் கம்பெனி என்றால், நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் தாக்கலாக வேண்டும். அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள், அது வந்த அன்று அடமானப் பதிவுகளையும் மறுபடி திறந்து பாருங்கள்.