மனுவை யார் பெயருக்கு எழுதுவது? ஒரு வார்டு உறுப்பினரின் வழிகாட்டி

2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சியின் மூன்றாவது வார்டில் நின்று ஜெயித்தேன். ஐந்து வருடம் உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இதுக்கு எங்க போய் மனு குடுக்கணும்?"

ஆரம்பத்தில் எனக்கே தெரியாது. எங்கள் சித்தேரியின் மதகு உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. ஏரி என்றால் பொதுப்பணித்துறை என்று நினைத்து அங்கே மனு கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: 'இந்த ஏரி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.' அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. கீழே இருக்கிற கழனிக்காரர்கள் அந்தச் சாகுபடிப் பட்டத்தை இழந்தார்கள். அன்றிலிருந்து எந்த வேலை யாருடையது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மட்டும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்காரர்களுக்கு நிர்வாகமே வேறு துறை.

முதலில் இரண்டு ஏணிகள்

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ஆட்சியர். அவருக்குக் கீழே இரண்டு ஏணிகள் ஊர் வரைக்கும் இறங்குகின்றன. இரண்டும் நம் தெருவில்தான் வந்து நிற்கின்றன. ஆனால் ஒன்றில் ஏறினால் நடுவில் மற்றதற்குத் தாவ முடியாது. மனுக்கள் வீணாவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

முதல் ஏணி வருவாய்த்துறை. கீழ்ப்படியில் வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர். 1980 வரை கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரையாக இருந்த பதவிகளை ஒழித்துவிட்டு உருவாக்கிய பதவி இது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் "கர்ணம் ஆபீஸ்" என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், அப்புறம் வட்டாட்சியர் என்கிற தாசில்தார், அப்புறம் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், அப்புறம் மாவட்ட வருவாய் அலுவலர், உச்சியில் ஆட்சியர். பட்டா, நில அளவை, சாதி, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, புறம்போக்கு ஆக்கிரமிப்பு எல்லாம் இந்த ஏணி. ரேஷன் அட்டைப் பிரச்சினைக்கும் தாலுகா அலுவலகம்தான், அங்கே வட்ட வழங்கல் அலுவலர் என்று தனியாக ஒருவர் இருப்பார்.

இரண்டாவது ஏணி ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறை. கீழ்ப்படியில் கிராம ஊராட்சி, அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் மாவட்ட ஊராட்சி. மாநிலம் முழுக்கச் சுமார் 12,500 ஊராட்சிகளும் 388 ஒன்றியங்களும் இருக்கின்றன. குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடைக் கால்வாய், குப்பை, தெருச் சாலை, வீட்டு வரி எல்லாம் இங்கே.

இரண்டு ஏணிக்கும் எல்லைகள் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். எங்கள் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்கள் வருகின்றன. தாலுகாவின் பெயர் ஒன்று, ஒன்றியத்தின் பெயர் வேறு. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. வீட்டில் இருக்கிற பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டாவில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் இருக்கும். வரி ரசீதில் ஊராட்சியும் ஒன்றியமும் இருக்கும். எந்த மனு எழுதினாலும் இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் மேலே எழுதிவிடுங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப அப்புறம் வழி இருக்காது.

நீங்கள் ஓட்டுப் போட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வாக்குச்சீட்டின் நிறத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். எங்கள் வார்டில் உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பின் இரண்டில் உண்டு. ஒன்றியக் கவுன்சிலர் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவர், மாவட்டக் கவுன்சிலர் ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒருவர். ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் அப்படி இல்லை, அவர் ஊரே நேராகத் தேர்ந்தெடுத்தவர். அதனால் அவரிடம் கேட்கிற உரிமை உங்களுக்குக் கூடுதலாகவே உண்டு.

பாதி இடங்கள் பெண்களுக்கு. தலைவர் பெண்ணாக இருந்தால் அவரிடமே பேசுங்கள், அவர் வீட்டுக்காரரிடம் பேசாதீர்கள். இதை நான் ரொம்ப அழுத்தமாகச் சொல்வேன். நாம் வீட்டுக்காரரைத் தேடிப் போகப் போகத்தான் அந்த நாற்காலி அவருக்குப் போய்விடுகிறது.

ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வெளியே வர வேண்டுமென்றால் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இவர்கள் இருவருக்கும் ஆகாமல் போனால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் ரிப்பேர் நிற்கும். உங்கள் ஊரில் "பணம் இல்லை" என்று சொன்னால், நிஜமாகவே பணம் இல்லையா, இல்லை ஒரு கையெழுத்து இல்லையா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் தனி அலுவலர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அப்போது தலைவர் பெயருக்கு எழுதுகிற மனுவை, 'தனி அலுவலர், இன்ன ஊராட்சி' என்று எழுதுங்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ.

பலரும் தடுமாறுகிற இடம் இது. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. பெயர்ப் பலகையில் அடைப்புக்குறிக்குள் 'வ.ஊ.', 'கி.ஊ.' என்று போட்டிருக்கும். ஊராட்சியின் கணக்கு, தண்ணீர், விளக்கு என்றால் கி.ஊ. ஒன்றியத்துக்குச் சொந்தமான சாலை, கட்டடம், ஏரி என்றால் வ.ஊ. தப்பான அறைக்குள் போனால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் உங்கள் தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர மூன்று வாரம் ஆகிவிடும்.

இந்த இடத்தில் என் நோட்டிலிருந்து சில. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவற்றுக்குச் சொந்தக்காரர்கள் வேறு வேறு.

ஏரி: ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால், அதாவது சுமார் நூறு ஏக்கருக்குள் என்றால், அது ஒன்றியத்து ஏரி. அதற்கு மேல் பாய்வது நீர்வளத்துறை (முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்தது) ஏரி. எங்கள் சித்தேரி அறுபது ஏக்கருக்குத்தான் பாயும். இது மட்டும் தெரிந்திருந்தால் அந்த நான்கு மாதம் போயிருக்காது.

பள்ளிக்கூடம்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கூரை ஒழுகினால் ஒன்றியம். ஆசிரியர் வரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். சத்துணவில் குறை என்றால் மறுபடியும் ஒன்றியம்.

சாலை: வீட்டு முன்னால் இருக்கிற தெரு ஊராட்சியுடையது. ஊரை ஊரோடு இணைக்கிற சாலை ஒன்றியத்துடையதாகவும் இருக்கலாம், நெடுஞ்சாலைத்துறையுடையதாகவும் இருக்கலாம். மைல்கல்லையும் பெயர்ப் பலகையையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒன்றியத்தில் ஓவர்சியரைக் கேளுங்கள்.

விளக்கு: கம்பத்தில் பல்பு எரியவில்லை என்றால் ஊராட்சி. கம்பமே சாய்ந்திருந்தால் மின்வாரியம்.

ஒரு இடம் புறம்போக்கா, குட்டையா, வண்டிப்பாதையா, களமா என்று தெரிய வேண்டுமானால் வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை அதில் இருக்கும். இணையத்திலும் பார்க்கலாம். சர்வே எண் இல்லாத ஆக்கிரமிப்பு மனு ஒரு அடி கூட நகராது.

கிராம சபையை எப்படிப் பயன்படுத்துவது

மனுவைவிடப் பலமானது கிராம சபைத் தீர்மானம். ஆனால் ஊரில் பாதிப் பேர் அதைக் கொடியேற்றத்துக்குப் பிறகு நடக்கிற ஏதோ கூட்டம் என்று நினைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள். 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள்.

முதலில் ஆள் சேருங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சரியாகும். நாங்கள் மூன்று தெருப் பெண்கள் முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவோம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போக விடாதீர்கள். அரை மணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பார்கள். வேகமாகப் படிப்பார்கள். "கொஞ்சம் நிறுத்திப் படிங்க" என்று எழுந்து சொல்ல ஒரே ஒருவர் போதும். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் தண்ணீர் வேலைக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் செலவானது என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது தீர்மானம். உங்கள் கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். வீட்டிலேயே இரண்டு வரியில் எழுதி எடுத்துப் போங்கள். இடம், சர்வே எண், என்ன வேலை, எந்தத் துறை என்று நான்கும் அதில் இருக்கட்டும். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதும், கூட்டம் முடிவதற்கு முன்னால், எல்லோர் முன்பும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எழுதாத பக்கத்தில் முதலிலேயே கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதி முடித்த பிறகு போடுங்கள். எங்கள் ஊரில் இதற்காக ஒரு வருடம் சண்டையே போட்டோம், அடுத்த வருடத்திலிருந்து பழக்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை

ஆட்சியர் அலுவலகத்தில் வாரந்தோறும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். எடுத்தவுடனே அங்கே ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்சியரிடம் கொடுத்த மனு மறுபடியும் கீழே இறங்கி அதே தாசில்தாரின் மேசைக்கோ அதே பி.டி.ஓ.வின் மேசைக்கோதான் வரும். அதனால் முதலில் கீழே கொடுத்து, ரசீது வாங்கி, ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அப்போது கையில் முந்தைய ரசீது இருக்கும், கேள்வி கேட்க இடம் இருக்கும்.

ஒரே ஒரு வகை வேலைக்கு மட்டும் நேராகத் திங்கட்கிழமை போகலாம் என்பது என் அனுபவம். இரண்டு ஏணியும் தேவைப்படுகிற வேலை அது. ஊராட்சிக் குளத்தை ஒருவர் வளைத்துப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். குளம் ஊராட்சியின் பொறுப்பு, அளந்து அகற்றுவது தாசில்தாரின் அதிகாரம். இரண்டும் சேருகிற இடம் ஆட்சியர் மட்டும்தான், அவர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளரும்கூட. கிராம சபைத் தீர்மான நகல், 'அ' பதிவேட்டு நகல், ஒரு புகைப்படம், மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும். தெருவிளக்கையும் பட்டாவையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே ஆகாது.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் மேல்முறையீட்டு அலுவலர் இருக்கிறார். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் சரியான இடத்துக்கு அவர்களே ஐந்து நாளில் மாற்றிவிட வேண்டும். சாதாரண மனுவுக்கு இல்லாத வசதி இது.

'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். மதகு விஷயத்தில் நான் கேட்டவை இவைதான்: 'இன்ன தேதியில் கொடுத்த என் மனு இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது? அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தரவும். சித்தேரிக்குக் கடைசியாக மதிப்பீடு தயாரித்த தேதி என்ன?' தபால் போய்ச் சேர்ந்த பத்தொன்பதாவது நாள் ஓவர்சியர் டேப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். ஆடி மாதம் வேலை ஆரம்பித்தது, ஐப்பசி மழைக்கு முன்னால் புது மதகு வைத்துவிட்டார்கள்.