வீட்டில் செய்த கருவிக்குப் பேனல் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்யூட் ஓடிவிட்டது, பெட்டி தயார், குமிழ்களை மாட்டி மூடியையும் திருகியாகிவிட்டது. எந்தக் குமிழ் எதற்கு என்று எழுதவில்லையே என்ற நினைப்பு அப்போதுதான் வருகிறது. கைக்கு எட்டிய மார்க்கர் பேனாவால் நாலு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். எழுத்தைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளம்புகின்றன.

எழுதுகிறவருக்குப் பெட்டிக்குள் ஓடும் ஒவ்வொரு கம்பியும் தெரியும். படிக்கப்போகிறவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அந்தப் படிக்கப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம். நான் செய்த அதிர்வெண் அளவி ஒன்றின் பின்பக்க ஜாக்கில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். செய்த நாளில் அது 5 வோல்ட் என்பது மனப்பாடம். ரொம்ப நாள் கழித்து எடுத்து, மேசையில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். இரண்டு அடாப்டருக்கும் ஒரே பின்தான், சிக்கென்று உட்கார்ந்தது. மைக்ரோகன்ட்ரோலரும் டிஸ்பிளேயும் அந்த நொடியே போய்விட்டன. "5 வோல்ட், நடுவில் பாசிட்டிவ்" என்று எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அதனால் ஓட்டை போடும் முன்பே எழுத்துக்கு இடம் ஒதுக்குங்கள். பேனலை, அதாவது பெட்டியின் முகப்புத் தகட்டை, முழு அளவில் கணினியில் வரையும்போது பலரும் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழால் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டரின்) ஓட்டையை மட்டும் வரைகிறார்கள். ஓட்டை 7 மி.மீ. தான், அதன்மேல் உட்காரும் குமிழ் 20 அல்லது 30 மி.மீ. இருக்கும். அதைப் பிடித்துத் திருப்ப விரலுக்கும் இடம் வேண்டும், குமிழைச் சுற்றி அளவுக்கோடுகளும் வரவேண்டும். எனவே குமிழின் வெளிவட்டத்தையும் படத்தில் வரைந்துகொள்ளுங்கள். படத்தைத் தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, உண்மையான குமிழ்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நெருக்கடி எங்கே என்பது உடனே தெரிந்துவிடும்.

அச்சடிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பிரின்டர் அமைப்பில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் வசதி தானாகவே தேர்வாகியிருக்கலாம். படம் 97 சதவீதமாகச் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 200 மி.மீ. பேனலின் மறுகோடியில் ஓட்டை 6 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். படத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டுவைத்து, அச்சான தாளில் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே அதை நம்புங்கள்.

பெயரைக் குமிழுக்கு மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா? கருவி எங்கே உட்காரப்போகிறது என்பதைப் பொறுத்தது. மேசைமேல் இருக்கும் பெட்டியை நாம் மேலிருந்து பார்க்கிறோம். நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் தனக்குக் கீழே இருக்கும் எழுத்தை மறைக்கும், திருப்பும் கையும் மறைக்கும். ஆகவே மேசைக் கருவிக்கு எழுத்து மேலே இருப்பது நல்லது. கண்மட்டத்துக்கு மேலே அலமாரியில் வைக்கும் பெட்டிக்கு இது தலைகீழ். எதுவானாலும் ஒரே பேனலில் ஒன்றுக்கு மேலேயும் அடுத்ததற்குக் கீழேயும் எழுதாதீர்கள். இரண்டு வரிசைக் குமிழ்கள் இருந்தால், நடுவில் இருக்கும் பெயர் எந்த வரிசைக்கு என்ற குழப்பம் நிச்சயம் வரும்.

கணக்குப் போட்டு அளவுக்கோடு வரைவது

என்னைக் கேட்டால், பேனல் எழுத்திலேயே அதிகம் ஏமாற்றுவது இதுதான். குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை சம இடைவெளியில் கோடு போடுவது சுலபம், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன?

எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி வைத்துச் செய்யும் பவர் சப்ளையை எடுத்துக்கொள்வோம். 240 ஓம் ரெசிஸ்டரும் 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் போட்டால் சூத்திரப்படி வெளியீடு 1.25 வோல்ட்டிலிருந்து சுமார் 27 வோல்ட் வரை போகவேண்டும். அந்தக் கணக்கை வைத்துப் பேனலில் வோல்ட் எண்களை அச்சடித்தால் பெரும்பாலும் தப்பாகவே வரும். சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அது 4 கிலோ ஓமாக இருந்தால் உச்சம் 22 வோல்ட். 6 கிலோ ஓமாக இருந்தால் 32 வோல்ட்டைத் தாண்டும். இரண்டும் கடையில் "5 கே" என்றே விற்கப்படும். பேனலில் "12" என்ற கோட்டை நம்பி ஒருவர் தன் சர்க்யூட்டை இணைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்குப் போடும் லாக் (லாகரிதம்) வகைப் பொட்டென்ஷியோமீட்டரில் கதை வேறு. பாதி தூரம் திருப்பினால் பாதி மதிப்பு வராது. 10 முதல் 20 சதவீதம்தான் வரும். எக்ஸ்ஆர்2206 போன்ற ஐசி வைத்த சிக்னல் ஜெனரேட்டரில் அதிர்வெண் ரெசிஸ்டன்ஸுக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். அங்கே, திருப்பும் அளவுக்குச் சமமாக மதிப்பு மாறும் லீனியர் வகையைப் போட்டால், அளவுக்கோடுகள் ஒரு பக்கம் நெருங்கியடித்துக்கொண்டும் இன்னொரு பக்கம் வெட்டவெளியாகவும் கிடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? குமிழை நிரந்தரமாகப் பொருத்தி அதன் ஸ்க்ரூவை இறுக்குங்கள். வெறும் வெள்ளைத்தாள் வட்டம் ஒன்றைக் குமிழுக்குப் பின்னால் தற்காலிகமாக ஒட்டுங்கள். வெளியீட்டில் மல்டிமீட்டரை இணைத்து, மெதுவாகத் திருப்பி, 3, 5, 9, 12 என்று மீட்டர் காட்டும் இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கீழிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து கீழே ஒருமுறை. அப்புறம் அந்தத் தாளை ஸ்கேன் செய்து அதன்மேலேயே இறுதிப் படத்தை வரையுங்கள். குமிழ் இரு பக்கமும் முட்டி நிற்கும் இடங்களுக்கும் சின்னக் கோடு போட மறக்காதீர்கள். என்றைக்காவது ஸ்க்ரூ தளர்ந்து குமிழ் சுற்றிக்கொண்டால், அந்தக் கோட்டில் முள்ளை வைத்து மறுபடி இறுக்கிவிடலாம்.

பேனலில் டிஜிட்டல் வோல்ட்மீட்டர் இருந்தால் எண்களே வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்று ஒரு அம்புக்குறி போதும். கூடுவது கடிகாரம் சுற்றும் திசையில் இருக்கவேண்டும். பேனலின் பின்புறமிருந்து சால்டர் செய்யும்போது இடது வலது மாறித் தெரிவதால் இதில் அடிக்கடி பிசகு வரும். அப்படி வந்தால் கம்பியை மாற்றுங்கள், அம்புக்குறியை மாற்றாதீர்கள்.

சுவிட்சும் பின்பக்கமும்

நம் வீட்டுச் சுவரில் சுவிட்சைக் கீழே தட்டினால் ஆன். அமெரிக்காவில் மேலே தள்ளினால் ஆன், கருவிகளில் வரும் டாகிள் சுவிட்சும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே சுவிட்சுக்குப் பக்கத்தில் "பவர்" என்று மட்டும் எழுதுவது அரைகுறை வேலை. எந்த நிலை ஆன், எந்த நிலை ஆஃப் என்று இரண்டு முனையிலும் எழுதவேண்டும். வேறு தேர்வுகளுக்கும் இதேதான். "ஸ்டீரியோ" என்று ஒரு முனையில் மட்டும் எழுதினால் மறுமுனை என்ன என்பது ஊகம்தான். டாகிள் சுவிட்சின் குச்சி மேலே இருக்கும்போது உள்ளே நடு முனையோடு சேர்வது கீழ் முனை. இது தெரியாமல் கம்பி கொடுத்துவிட்டு எழுத்தைத் தலைகீழாக அச்சடித்தவர்கள் நிறையப் பேர். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குறியீடு போடுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நேர்க்கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். வட்டத்தை உடைத்துக்கொண்டு கோடு நிற்கும் குறி ஸ்டாண்ட்பையைக் காட்டுவது. அந்த நிலையில் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட சுவிட்சுக்கு ஆஃப் வட்டத்தைப் போட்டுவிட்டால், அதை நம்பி யாராவது மூடியைத் திறந்து கை வைக்கலாம். 230 வோல்ட் விளையாட்டில்லை.

பின்பக்கத்தைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துக்குத்தான் எழுத்து அதிகம் தேவை. ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், வேகமாக உருகும் வகையா, தாமதமாக உருகும் வகையா என்பது ஃபியூஸ் பிடிப்பானுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இல்லையென்றால் அது போன அன்று கடையில் கிடைத்ததைத்தான் போடுவார்கள். ஸ்பீக்கர் முனையில் குறைந்தபட்ச ஓம், உள்ளீட்டு ஜாக்கில் வோல்ட் அளவும் பாசிட்டிவ் எது என்பதும். இவ்வளவு போதும்.

எந்தச் சொல், எந்த எழுத்து

சர்க்யூட் படத்தில் இருக்கும் "விஆர்1", "எஸ்டபிள்யூ2" போன்ற பெயர்களைப் பேனலுக்குக் கொண்டுவராதீர்கள். அது செய்தவருக்கான பெயர். அலகுகளில் ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து மாறக்கூடாது. ஹெர்ட்ஸுக்கு முன்னால் சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. கிலோவுக்கு எப்போதும் சிறிய கே.

தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு, தாராளமாக எழுதுங்கள். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தால் "மைக் 1", "எக்கோ", "பேஸ்" என்று அவர் சொல்லும் சொல்லையே தமிழ் எழுத்தில் போடலாம். இருட்டில், அவசரத்தில் கண் தேடுவது பழகிய சொல்லைத்தான்.

ஆனால் ஆங்கிலத்துக்குப் போடும் அளவிலேயே தமிழையும் போடுவது தவறு. 2 மி.மீ. உயரத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து தெளிவாக நிற்கும். தமிழில் சுழிகள் அடைந்து, புள்ளி காணாமல் போகும். 3 மி.மீ.க்குக் குறையாமல், தடித்த எழுத்துருவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, லேசர் கடை மென்பொருள்களில் சிலவற்றுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. "கொ" என்று நீங்கள் கொடுத்தது கொம்பு இடம் மாறியும் கால் தனியாகவும் வந்து நிற்கும். இங்க்ஸ்கேப் போன்ற தமிழ் ஒழுங்காக வரும் மென்பொருளில் எழுதி, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். அப்புறம் எழுத்துரு அந்தக் கடைக் கணினியில் இருக்கிறதா என்ற கவலையே இல்லை.

எதில் அச்சடிப்பது

மார்க்கர் எழுத்து ஸ்பிரிட் பட்டால் போய்விடும். இங்க்ஜெட் அச்சுக்கு மேல் கிளியர் லேக்கர் ஸ்பிரே அடித்தால் மை கசிந்து எழுத்து கலங்கிவிடலாம். ஜெராக்ஸ் கடை லேசர் அச்சு இதைவிட மேல். அதிலிருப்பது சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது. லேக்கரில் இருக்கும் தின்னருக்கு மட்டும் கொஞ்சம் பயப்படும். அதனால் முதல் இரண்டு தடவை தூரத்திலிருந்து பனி போலத் தூவி, காயவிட்டு, பிறகு நிறைவாக அடியுங்கள்.

எனக்குப் பிடித்த வழி ஓஎச்பி ஷீட், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். படத்தை இடவலமாகத் திருப்பி லேசரில் அச்சடித்து, அச்சடித்த முகம் பேனலைப் பார்க்கும்படி ஒட்டினால், ஷீட்டே எழுத்துக்குக் கவசம். எத்தனை வருடம் விரல் உரசினாலும் எழுத்து தேயாது. லேசர் பிரின்டருக்கென்று இருக்கும் ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். மற்றது உள்ளே உருகி ஒட்டிக்கொண்டு பிரின்டரைக் கெடுத்துவிடும்.

ஸ்டிக்கர் கடையில் வெட்டித் தரும் வினைல் எழுத்து பெரிய பெயர்களுக்குச் சரி, 4, 5 மி.மீ.க்குக் கீழே உரிக்கும்போதே பிய்ந்துவிடும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர், சாயமேற்றிய அனோடைஸ்டு அலுமினியத்தில் அழகாக வெள்ளை எழுத்து போடும். வெறும் அலுமினியத்தில் ஒன்றும் விழாது. பிவிசி வினைலை மட்டும் எந்த லேசரிலும் வெட்டக் கொடுக்காதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பிசிபி (சர்க்யூட் பலகை) செய்ய ஆர்டர் போடுகிறவர்கள் பேனலையும் பிசிபியாகவே செய்துகொள்ளலாம். பலகையின் மேல்பூச்சான கறுப்பு மாஸ்க்கில் வெள்ளை அச்சு, ஓட்டைகளும் துல்லியமாக வந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் டிரில் பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் ஷீட் முதலில் கிளம்பும். பொட்டென்ஷியோமீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டுக்குத் தனி ஓட்டை போடுங்கள் அல்லது அதை ஒடித்துவிடுங்கள். இல்லையென்றால் அது சாய்ந்து உட்கார்ந்து ஷீட்டைத் தூக்கும். நட்டை நேராக ஷீட்டின்மேல் இறுக்கினால் ஷீட் நட்டோடு சேர்ந்து திரும்பிச் சுருங்கும். வாஷர் போட்டு இறுக்குங்கள். தகட்டை ஒடித்த பொட்டென்ஷியோமீட்டராக இருந்தால், நட்டை ஸ்பேனரில் அசையாமல் பிடித்துக்கொண்டு பின்பக்கமிருந்து அதன் உடலைத் திருப்பி இறுக்கலாம். லேக்கர் அடித்த பேனலாக இருந்தால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று அன்றே பூட்டவேண்டாம். உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும், வாஷரின் வட்டம் அப்படியே பதிந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பூட்டுங்கள்.